மூன்றாவது டப்பா

பெடல் இன்னும் பஞ்சுதான்.
மிதித்தால் தரைவரை போகிறது,
டீயில் ஊறிய பன்னை மிதிப்பதுபோல.

இரண்டு டப்பா பிரேக் ஆயில் தீர்ந்தது.
மூன்றாவதை வாங்க
லாரன்ஸ் ரோடு போய்வந்தேன், சைக்கிளில்,
காருக்குச் சொந்தக்காரி.

புதுப்பாளையத்து வாடகை வீட்டில்
நான்கு ஸ்டாண்டுகள்மேல் நிற்கிறது எண்ணூறு.
பாண்டியில் உடைத்த ஜென்னிலிருந்து
பெரிய டிஸ்க், பெரிய காலிப்பர்,
முன்னால் புது ஸ்ட்ரட், புது ஸ்பிரிங்.
நின்றுபோகிற வண்டியை
நிற்கிற வண்டியாக்கப் போகிறேன் என்று
லேபில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.
ரத்தக் குழாயோடு நிறுத்திக்கொள் என்றாள் பிலோமினா.

ஆளவந்தார் வந்தது அப்போதுதான்.
வீட்டுக்காரர். மின்வாரியத்தில் கணக்கர்.
பேசவில்லை, விரலை நீட்டினார்.
விரல் நின்ற இடத்தில்
போன மாதம் அவர் பெயின்ட் அடித்த கேட்.
கீழ்க்கம்பியில் என் ஆயில் தெறித்து
பச்சை தோலாய் உரிந்து தொங்கியது.

"என்னம்மா இது, ஆசிட்டா?"
"பிரேக் ஆயில் சார். பெயின்ட்டைத் தின்னும்."
"அடுத்தது கேட்டையா?"
"நானே அடிச்சுத் தர்றேன் சார். அதுக்கு முன்னாடி
கொஞ்சம் உள்ள உக்காந்து மிதிக்கிறீங்களா?"

ஏன் உட்கார்ந்தார் என்று இன்றுவரை தெரியாது.
செருப்பைக் கழற்றி ஜோடி சேர்த்து வைத்தார்.
வேட்டியை மடித்துக் கட்டினார்.
இடுப்பு ஸ்டியரிங்கில் இடிக்க, ஏறினார்.

மிதிங்க.
மிதிச்சாச்சு.
பிடிங்க, விட்றாதீங்க.
நிப்பிளைத் திறக்கிறேன்.
டியூபில் பெயருக்கு ஒரு குமிழி,
ஹார்லிக்ஸ் பாட்டிலில் மஞ்சளாய் ஒரு விரற்கடை.
மூடியாச்சு. விடுங்க.
மிதிங்க.

அரைமணி நேரம் இந்த மூன்றே சொல்.
குடிவந்த பதினோரு மாதத்தில்
எங்களுக்குள் நடந்த மிக நீண்ட பேச்சு.

பெடல் பஞ்சுதான்.

சக்கர வளைவுக்குள் தலையை விட்டுப் படுத்தேன்.
கடல் இரண்டு கிலோமீட்டர் தள்ளி.
நட்டுகளுக்கு அந்தத் தூரம் தெரியவில்லை,
எல்லாவற்றிலும் உப்புத் துரு.
ஸ்பேனர் வழுக்கி விரல்முட்டியில் தோல் போனது.
உதறியபோது கண்ணில் பட்டது:
நிப்பிள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இடது காலிப்பர் வலதில்.
வலது இடதில்.
காற்று உச்சியில் உட்கார்ந்திருக்கிறது,
வாடகை கேட்க ஆளில்லாத குடித்தனக்காரனாய்.
நான் கீழ்வாசலைத் திறந்து திறந்து
நல்ல ஆயிலை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

"என்னாச்சு?" என்றார், காலை எடுக்காமல்.
"தப்பு என்னுது சார்."
"அது தெரியும். எது?"

சொன்னேன். வலப்பக்கமும் இடப்பக்கமும்
அவர் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

மாற்றி மாட்டி, டப்பாவின் அடிவண்டலுக்கு மேலே
கடைசி அரை டம்ளர்.
எட்டாவது மிதியில் அவர் முகம் மாறியது.
"நிக்குதும்மா."
காலை எடுத்து மறுபடி வைத்தார்.
"கல்லு மாதிரி நிக்குது."

ஞாயிற்றுக்கிழமை கெடிலம் பாலம்வரை ஓட்டினேன்.
நின்றது. முனகியது.
ஒவ்வொரு வேகத்தடையிலும்
யாரோ மூட்டுவலிக்காரர் எழுந்திருக்கிற சத்தம்.
மூக்கும் வானத்தைப் பார்த்து நின்றது.
சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே
ஆர்ம் போல்ட்டுகளை இறுக்கியிருக்கிறேன்.
தரைக்கு வந்த ரப்பர்
தொங்கிய நினைப்பிலேயே முறுக்கிக்கொண்டிருக்கிறது.

தளர்த்தி, பலகைமேல் ஏற்றி,
நான்கு சக்கரமும் எடை தாங்க நிறுத்தினேன்.
ஆளவந்தார் கேட்டருகே வந்து நின்றார்.
"மிதிக்கணுமா?"
"வேணாம் சார். சும்மா உக்காருங்க. எடைக்கு."

பேப்பரோடு ஏறினார்.
நான் அடியில் படுத்து இறுக்க இறுக்க
மேலே பக்கம் புரளும் சத்தம்.
"அஞ்சாம் தேதி வாடகை" என்றது ஒரு குரல்,
சீட்டுக்கும் தளத்துக்கும் நடுவிலிருந்து.
"தெரியும் சார்."

கேட்டை இன்னும் அடிக்கவில்லை.
பச்சை உரிந்த அந்த ஒரு சாண் கம்பியில்
துரு பிடிக்க ஆரம்பித்துவிட்டது.
தினமும் காலையில் அதைத் திறந்துதான்
நாங்கள் இருவருமே வேலைக்குப் போகிறோம்.